ஜெர்மனியில் முதல் டிசம்பர்: அட்வென்ட் தொடங்கி கிறிஸ்துமஸ் வரை மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

2026-இல் டிசம்பர் 24 வியாழக்கிழமை வருகிறது. அன்று மதியம் 2 மணிக்குள் ஜெர்மனியின் சூப்பர்மார்க்கெட்டுகள் ஷட்டரை இறக்கிவிடும். 25-உம் 26-உம் அரசு விடுமுறை. 27 ஞாயிறு, இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஆக, மறுபடி ஒரு லிட்டர் பால் வாங்க 28, திங்கட்கிழமை காலை வரை பொறுத்திருக்க வேண்டும். செப்டம்பரிலோ அக்டோபரிலோ வந்திறங்கிய மாணவர்கள் பலர், மூடிய கதவின் முன்னால் பையோடு நின்றுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

டிசம்பரில் இங்கே ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வரும். முதலில் வெளிச்சம் போகும், பிறகு அலுவலகங்கள், பிறகு மென்சா எனும் பல்கலைக்கழக உணவகமும் நூலகமும், கடைசியில் கடைகள். எது எப்போது மூடும் என்று தெரிந்து ஒரு வாரம் முந்திக்கொண்டால், மீதி நாட்களைச் சந்தையிலும் நண்பர்களின் சமையலறையிலும் நிம்மதியாகக் கழிக்கலாம். கீழே உள்ளதும் அந்த வரிசைதான்.

நவம்பர் கடைசி வாரம்: காகித வேலை

அட்வென்ட் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள். 2026-இல் நவம்பர் 29, டிசம்பர் 6, 13, 20. "மூன்றாம் அட்வென்ட்டுக்கு வீட்டுக்கு வா" என்று யாராவது அழைத்தால் எந்தத் தேதி என்று குழம்பாமல் இருக்க, இந்த நான்கையும் போனில் குறித்து வையுங்கள்.

முதல் வேலை தேர்வுப் பதிவு. வகுப்பில் சேர்ந்துவிட்டால் தேர்வும் தானாக வந்துவிடும் என்று நம் ஊர்ப் பழக்கத்தில் நினைத்துவிடுவோம். இங்கே அப்படி இல்லை. பிப்ரவரியில் எழுதப்போகும் ஒவ்வொரு தேர்வுக்கும் பல்கலைக்கழக போர்ட்டலில் தனித்தனியாகப் பதிய வேண்டும். சில துறைகளில் கெடு நவம்பரிலேயே முடியும், சிலவற்றில் டிசம்பர், சிலவற்றில் ஜனவரி. ஒரே பல்கலைக்கழகத்தில் பக்கத்துத் துறைக்காரனின் கெடு உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் துறையின் தேர்வு அலுவலகப் பக்கத்தைத் திறந்து தேதியை நீங்களே பாருங்கள். பதிந்ததும் உறுதிச் சான்றை பிடிஎஃப் ஆக இறக்கி வையுங்கள். போர்ட்டலில் பட்டனை அழுத்தியபின் உறுதி எண் கேட்கும் பக்கம் வரும் இடங்களில், அதை முடிக்காமல் உலாவியை மூடிவிட்டால் பதிவு ஆகாது. ஜனவரியில் தெரியவந்தால் பெரும்பாலும் அடுத்த பருவம்தான். பதிவை ரத்து செய்யும் கடைசித் தேதியையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கானது. டிக்கெட்டைவிட முக்கியமானது திரும்பி நுழையும் உரிமை.

கையில் வசிப்பு அட்டை இருந்தால் சிக்கல் இல்லை. பாஸ்போர்ட்டோடு அதையும் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். வந்தபோது ஒட்டிய தேசிய விசா இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அது பலமுறை நுழைய அனுமதிக்கிறதா, முடியும் தேதி நீங்கள் திரும்பும் தேதிக்குப் பின் இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். நீட்டிப்புக்கு விண்ணப்பித்து, இடைக்காலச் சான்றிதழ் மட்டும் வைத்திருந்தால் நிதானியுங்கள். ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் எனப்படும் அந்தத் தாளின் உள்பக்கத்தில் எந்தச் சட்டப் பிரிவுக்கு நேரே குறியிட்டிருக்கிறார்கள் என்பதுதான் எல்லாம். வசிப்புச் சட்டம் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்றால் வெளியே போய்த் திரும்பலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் வெளியே போனபின் அந்தத் தாளைக் காட்டி உள்ளே வர முடியாது. ஊரில் மறுபடி விசா எடுக்க வேண்டியிருக்கும். 4-ஆம் உட்பிரிவு இருந்தாலும், ஜெர்மனியில் நேரடியாகத் தரையிறங்கும் விமானமாகப் பார்த்து எடுப்பது நல்லது. இடையில் வேறொரு நாட்டில் மாறும்போது, அந்தத் தாளைப் பார்த்தே இராத ஊழியர் உங்களை ஏற்றத் தயங்கலாம்.

வெளிநாட்டவர் அலுவலகம் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் பல ஊர்களில் இயங்காது. அந்த நாட்களுக்கு "ட்ஸ்விஷன் டென் யாரன்" என்று பெயர், ஆண்டுகளுக்கு நடுவில் என்று பொருள். பேராசிரியர், விடுதி அலுவலகம், காப்பீட்டு நிறுவனம் எல்லாருமே அப்போது பதில் தர மாட்டார்கள். கையெழுத்து, சான்றிதழ், ஒப்பந்தம் எது வேண்டுமானாலும் டிசம்பர் 11-க்குள் கேட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் அனுப்பும் மின்னஞ்சலுக்கு விடுமுறைத் தானியங்கிப் பதில்தான் வரும்.

அறை: வெப்பம், ஈரம், கறுப்புப் புள்ளிகள்

ஹீட்டர் திருகியில் இருக்கும் எண்கள் வேகத்தைக் குறிப்பவை அல்ல. அவை அறை எந்த வெப்பத்தில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்பவை: 2 என்றால் ஏறக்குறைய 16 டிகிரி, 3 என்றால் 20, 4 என்றால் 24, 5 என்றால் 28. குளிர்ந்த அறைக்குள் வந்து 5-இல் வைத்தால் சீக்கிரம் சூடாகாது. 3-இல் வைத்தாலும் 20 டிகிரியைத் தொட அதே நேரம்தான் ஆகும். வித்தியாசம் ஒன்றுதான்: 5-இல் வைத்தவர் அதைத் தாண்டிப் போய், வியர்த்து, ஜன்னலைத் திறப்பார். வெப்பச் செலவு தனியாகக் கணக்கிடப்படும் வீடுகளில் அடுத்த ஆண்டு வரும் பில்லில் அது தெரியும். பகலில் 3, இரவில் 2 போதும்.

இதைவிடப் பெரிய தொல்லை பூஞ்சை. ஷிம்மல் என்பார்கள். வெளிச்சுவர் மூலையிலும், சுவரோடு ஒட்டி நகர்த்திய அலமாரியின் பின்னாலும், ஜன்னல் விளிம்பின் ரப்பரிலும் கறுப்புப் புள்ளிகளாக வரும். நம் சமையல் இதற்கு நன்றாகவே தீனி போடும். குக்கர் ஆவி, சாம்பார் கொதி, சோறு வடித்த கஞ்சி எல்லாம் அறைக் காற்றில்தான் நிற்கின்றன. அறைக்குள் காயப்போட்ட ஒரு மிஷின் துணி இரண்டு லிட்டர் அளவுக்குத் தண்ணீரைக் காற்றில் விடும். 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அது நீராகப் படியும். பூஞ்சைக்கு நீர்த்துளிகூட வேண்டாம், அந்தப் பரப்பு சில நாட்கள் நமுத்துக் கிடந்தாலே போதும்.

செய்ய வேண்டியது ஸ்டோஸ்லூஃப்டன். ஹீட்டரை மூடி, ஜன்னலை முழுசாக விரியத் திறந்து, முடிந்தால் எதிர்க் கதவையும் திறந்து, 5 முதல் 10 நிமிடம் விட்டு மூட வேண்டும். காலை எழுந்ததும், சமைத்து முடித்ததும், குளித்ததும், படுக்கும் முன்னும். வெளிக்காற்று குளிராக இருந்தாலும் அதில் நீர் குறைவு. உள்ளே வந்து சூடானதும் வறண்ட காற்றாகிவிடும். சுவர் ஆறுவதற்குள் மூடிவிடுவதால் வெப்பமும் வீணாகாது.

ஜன்னலை மேலே மட்டும் சாய்த்து நாள் முழுக்க விடுவது எல்லாரும் செய்யும் தவறு. காற்று மெல்லத்தான் மாறும், ஆனால் ஜன்னலைச் சுற்றிய சுவர் குளிர்ந்துவிடும். பூஞ்சை சரியாக அங்கேதான் பிடிக்கும். பத்து யூரோவுக்குள் ஒரு ஈரப்பதமானி கிடைக்கும். அது 40-க்கும் 60-க்கும் நடுவில் நின்றால் சரி. கட்டிலையும் அலமாரியையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். வீட்டைக் காலிசெய்யும்போது பூஞ்சைக்காக முன்பணத்தில் கைவைக்க வழி உண்டு, ஆகவே முதல் புள்ளி தெரிந்த அன்றே படம் எடுத்து வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஹீட்டரை அடியோடு அணைக்க வேண்டாம். பனித்துளிக் குறியிலோ 1-இலோ விட்டுப் போங்கள். குழாய் உறைவதும் சுவர் ஈரம் பிடிப்பதும் அதனால் தடுக்கப்படும்.

இருட்டும் உடையும்

டிசம்பர் 21-இல் பெர்லினில் சூரியன் காலை 8.15 அளவில் எழுந்து மாலை 4-க்கு முன்பே மறைந்துவிடும். காலை வகுப்புக்கு இருட்டில் போய், ஆய்வகத்தை முடித்து இருட்டில் திரும்பும் வாரங்கள் இவை. மேகம் கவிந்தால் நண்பகல்கூட அந்தி போலத்தான். தூக்கம் குழம்புவதும், எதிலும் மனம் ஒட்டாமல் போவதும் பலருக்கு இந்த இருட்டினால்தான். சோம்பேறித்தனம் என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். மதியம் 12-க்கும் 1-க்கும் நடுவில் அரை மணி வெளியே நடங்கள். மேகமூட்டமான வானத்தின் வெளிச்சம்கூட அறை விளக்கைப்போலப் பல மடங்கு. வைட்டமின் டி குறைவு மாநிறத்தவர்களுக்கும் கறுத்த தோலினருக்கும் இங்கே சுலபமாக வரும். வீட்டு மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உடையில் கனமான ஒன்றைவிட மெல்லிய மூன்று மேல். உடம்போடு ஒட்டி வியர்வையை வெளியே தள்ளும் தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ் அல்லது கம்பளி, வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். உள்ளே பருத்தி பனியன் போடும் பழக்கத்தை டிசம்பரில் விட்டுவிடுங்கள். வியர்த்தால் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அந்த ஈரம்தான் நடுங்க வைக்கும். காலணி வாங்கும்போது கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். விரல் நுனியில் இடமில்லாமல் இறுகினால் எவ்வளவு விலையுள்ள பூட்ஸும் கால் விரலைக் காப்பாற்றாது. புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பழைய பொருள் கடைகளில் நல்ல குளிர் ஜாக்கெட் கிடைக்கும். காலணி மட்டும் புதிதாக.

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு முன் வெள்ளை விளக்கும் பின் சிவப்பு விளக்கும் சட்டப்படி கட்டாயம், இல்லையென்றால் அபராதம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். இரவில் விளக்கைக் கழற்றி அறைக்குள் கொண்டுவந்து சார்ஜில் போடுங்கள்.

இட்லி மாவு பொங்கவில்லை என்றால்

20 டிகிரி சமையலறையில் மாவு இரண்டு நாள் ஆனாலும் அப்படியே கிடக்கும். உளுந்து பழசு, வெந்தயம் போதவில்லை என்று தேட வேண்டாம், குறை குளிரில்தான். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம் என்று வழக்கம்போல் அரையுங்கள். அரைக்கும் தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கட்டும். பாத்திரத்தில் பாதிவரை ஊற்றி, அவன் (oven) எனும் பேக்கிங் அடுப்புக்குள் வைத்து, அவனை ஆன் செய்யாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டுக் கதவை மூடுங்கள். பழைய வகை பல்பு தரும் சூட்டில் உள்ளே நம் ஊர் இரவுபோல் ஆகிவிடும், 12 முதல் 14 மணி நேரத்தில் மாவு ஏறும். எல்இடி விளக்கு உள்ள புது அவனில் இது வேலை செய்யாது, அது சூடே தராது. அங்கே ஒரு பாட்டிலில் வெந்நீர் நிரப்பி மாவுப் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்து, நான்கைந்து மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. டிசம்பர் முழுக்க இங்கே எல்லாரும் பிஸ்கட் சுடுவார்கள். பகிர்ந்து வாழும் வீட்டில் காலையில் யாராவது உள்ளே பார்க்காமல் 180 டிகிரிக்கு அவனைத் திருகிவிட்டால், மாவும் போய்விடும், பிளாஸ்டிக் டப்பா என்றால் அவனும் போய்விடும். கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். ஜெர்மனில் "டைக் இம் ஓஃபன், பிட்டெ நிஷ்ட் ஐன்ஷால்ட்டன்" என்று எழுதினால் போதும்: மாவு அடுப்பில் இருக்கிறது, தயவுசெய்து போட வேண்டாம்.

அதே அவனில் வனில்லெகிப்ஃபெர்ல்

ப்ளெட்ஸ்ஷென் என்று பொதுப்பெயர் கொண்ட கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுகளில், முதல்முறை செய்பவர்களுக்கு இந்தப் பிறை வடிவ பாதாம் பிஸ்கட்தான் ஏற்றது. முட்டை கிடையாது. ஒரு தட்டு செய்து மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நீட்டினால், மூன்று மாதமாக ஹலோ மட்டும் சொன்னவர்கள் நின்று பேசுவார்கள்.

சுமார் 60 துண்டுகளுக்கு:
- 405 வகை கோதுமை மாவு, அதாவது நம் மைதா போன்றது: 280 கிராம்
- குளிர்ந்த வெண்ணெய்: 210 கிராம்
- பொடித்த பாதாம்: 100 கிராம்
- பொடித்த சர்க்கரை: 80 கிராம்
- ஒரு சிட்டிகை உப்பு
- மேலே புரட்ட: பொடித்த சர்க்கரை 100 கிராம், வனிலா சர்க்கரை 2 பாக்கெட்

வெண்ணெய் 250 கிராம் கட்டியாக வரும், தாளில் 50 கிராமுக்கு ஒரு கோடு போட்டிருக்கும். தராசு இல்லாவிட்டால் அந்தக் கோடுகளை வைத்தே வெட்டலாம். வெண்ணெயைச் சிறு துண்டாக்கி, மாவோடு விரல் நுனியால் உதிர்த்து, மற்றதைச் சேர்த்து வேகமாகத் திரட்டுங்கள். சப்பாத்தி மாவு போலப் பிசையக் கூடாது; உள்ளங்கைச் சூட்டில் வெண்ணெய் உருகிவிடும். மூடி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, கால் பங்கு கால் பங்காக வெளியே எடுத்து, சுண்டுவிரல் கனத்தில் உருட்டி, நெல்லிக்காய் அளவுக்கும் குறைவான துண்டுகளாக வெட்டி, இரு முனையும் கூராகும்படி வளையுங்கள். 175 டிகிரியில், நடுத்தட்டில், 12 நிமிடம் அளவில். முனைகள் லேசாகப் பொன்னிறம் காட்டியதும் எடுத்துவிட வேண்டும்.

அடுத்த மூன்று நிமிடம்தான் முக்கியம். எடுத்த உடனே தொட்டால் மணலாக உதிரும். ஆறவிட்டால் சர்க்கரை ஒட்டாது. விரலில் சூடு தாங்கும் பதம் வந்ததும் ஒவ்வொன்றாகச் சர்க்கரையில் மெதுவாகப் புரட்டுங்கள். பிறை வடிவம் தட்டில் பரவித் தட்டையாகிவிட்டால், வெண்ணெய் இளகிய நிலையில் உள்ளே போயிருக்கிறது. அடுத்த தட்டை அவனுக்கு முன் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். தகர டப்பாவில் மூன்று வாரம் தாங்கும்.

நிக்கோலவுஸும் விஷ்டெல்னும்

நிக்கோலவுஸ் என்பது டிசம்பர் 6, புனித நிக்கோலஸ் நாள். முந்தைய இரவு, துடைத்த காலணியைக் கதவுக்கு வெளியே வைப்பார்கள். 6-ஆம் தேதி காலையில் அதில் ஆரஞ்சும் கடலையும் சாக்லேட்டும் இருக்கும். அறைத் தோழர்களின் காலணியில் நீங்களும் ஒன்றிரண்டு போட்டு வைக்கலாம். சாக்லேட்டில் மதுக் கலவை நிரப்பியவையும் உண்டு, அட்டையைப் படித்து வாங்குங்கள்.

விஷ்டெல்ன் என்பது சீட்டுக் குலுக்கி ரகசியமாகப் பரிசு தருவது. பட்ஜெட் பெரும்பாலும் 5 முதல் 10 யூரோ. அதைத் தாண்டினால் வாங்குபவருக்குச் சங்கடம். ஷ்ராட்விஷ்டெல்ன் என்று அழைப்பில் இருந்தால் வீட்டில் கிடக்கும் உதவாத பொருளைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவர வேண்டும் என்று அர்த்தம். அதற்குப் புதுப் பொருள் வாங்கிப்போக வேண்டாம். பேராசிரியருக்கு விலையுள்ள பரிசு தரக் கூடாது, அரசுப் பணியாளர்கள் என்பதால் அவர்களால் வாங்க முடியாது. ஒரு சிறு டப்பா கிப்ஃபெர்ல் யாரையும் சங்கடப்படுத்தாது.

சந்தை

கிறிஸ்துமஸ் சந்தைகள் பெரும்பாலும் முதல் அட்வென்ட்டுக்கு முந்தைய வாரத்தில் தொடங்கி 23-ஆம் தேதியோடு முடியும். சில 24 மதியம் வரை. டிரெஸ்டனின் ஸ்ட்ரீட்செல்மார்க்ட் 1434-இல் தொடங்கியது. நியூரெம்பெர்க்கின் சந்தையும் உலகப் புகழ் பெற்றது. வாரநாள் மாலை 4 மணிக்குப் போனால் விளக்குகளும் எரியும், நடக்கவும் இடம் இருக்கும். சனிக்கிழமை மாலை தோளோடு தோள் இடிக்கும் கூட்டம்.

20 யூரோ ரொக்கமாக, சில்லறையோடு வைத்திருங்கள். கார்டு வாங்காத கடைகள் இன்னும் நிறைய. க்ளூவைன் என்பது மசாலா சேர்த்துச் சூடாக்கிய ஒயின். "மிட் ஷுஸ்" என்றால் அதற்குமேல் ரம்மும் ஊற்றுவார்கள். மது வேண்டாமென்றால் கிண்டர்புன்ஷ் கேளுங்கள், பட்டை கிராம்பு வாசனையோடு சூடான பழச்சாறு. பெரியவர்களும் அதை வாங்குவார்கள், தயங்க வேண்டாம். விலையோடு பீங்கான் கோப்பைக்கு ஃபான்ட் என்று, கோப்பையைத் தந்தால் திரும்பக் கிடைக்கும் மூன்று முதல் ஐந்து யூரோ சேர்த்து வாங்குவார்கள். சில கடைகளில் கோப்பையோடு ஒரு பிளாஸ்டிக் வில்லையும் தருவார்கள். அதைத் தொலைத்துவிட்டுக் கோப்பையை மட்டும் நீட்டினால் பணம் திரும்பாது. அந்த ஆண்டின் எண் பொறித்த கோப்பை பிடித்திருந்தால் திருப்பித் தராமல் வீட்டுக்கு எடுத்துப்போகலாம், ஃபான்ட் பணம்தான் விலை.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு: சுட்ட கஷ்கொட்டையும் சர்க்கரை பூசிய வறுத்த பாதாமும் கவலை இல்லாதவை. உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்டுத் தரும் ரைபெகூகனில் முட்டை இருக்கும், ஆப்பிள் மசியலோடு தருவார்கள். ஷ்மால்ட்ஸ் என்ற சொல் பலகையில் இருந்தால் பன்றிக் கொழுப்பு. பல கடைகள் இப்போது தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டாலும் கேட்டுவிட்டு வாங்குங்கள். மார்ஷ்மெல்லோவிலும் ஜெல்லி மிட்டாயிலும் ஜெலட்டின். ஸ்டாலன் கேக்கின் திராட்சை பெரும்பாலும் ரம்மில் ஊறியது.

அட்வென்ட் ஞாயிறுகளில் கடை இல்லாததால் ரயில் பயணம் நல்ல யோசனை. பல்கலைக்கழகம் வழியாகக் கிடைக்கும் பருவச் சீட்டு (செமஸ்டர் டிக்கெட்) நாடு முழுக்கச் செல்லும் வகையானால் எல்லா வட்டார ரயில்களிலும் செல்லும். ஐசிஇ, ஐசி எனப்படும் தொலைதூர விரைவு ரயில்களில் செல்லாது. தமிழர்களுக்கு ஹாலெ நகரம் தனி ஈர்ப்பு. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் போதகர் சீகன்பால்க் படித்தது அங்கே, அங்குள்ள ஃபிராங்கெ அறக்கட்டளை வளாகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

பண்டிகைக் கால வேலை

சந்தைக் கடை, பார்சல் கிடங்கு, காபிக் கடை எல்லாவற்றிலும் ஆள் தேவைப்படும் மாதம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர்கள் ஒரு காலண்டர் ஆண்டில் 140 முழுநாள் அல்லது 280 அரைநாள் வேலை செய்யலாம். நான்கு மணி நேரம் வரை அரைநாள். கணக்கை நீங்களே ஒரு தாளில் எழுதி வையுங்கள். 2026-இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ, ரொக்கமாகக் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள், காப்பீடும் இல்லாமல் விசாவும் சிக்கலாகும். மாணவர் அனுமதியில் சுயதொழிலாளராகப் பதிந்து உணவு டெலிவரி செய்வதும் கூடாது.

உணவைத் தொடும் எந்த வேலைக்கும் சுகாதார அலுவலகத்தின் தொற்றுத் தடுப்புப் பாடம் முடித்த சான்று வேண்டும். முதல் நாள் வேலைக்குச் சேரும்போது அது மூன்று மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. நவம்பரில் அந்த வகுப்புகள் நிரம்பிவிடும், அக்டோபர் கடைசியிலேயே இடம் பிடியுங்கள்.

ஊரிலிருந்து வரும் பார்சல்

தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் பரிசு 45 யூரோ மதிப்பு வரை வரியில்லை. அதைத் தாண்டினால் வரி. உள்ளே என்ன, எவ்வளவு, என்ன விலை என்று அம்மா அப்பா ஆங்கிலத்தில் தனித்தனியாக எழுதி ஒட்ட வேண்டும். "வீட்டுச் சாமான்" என்று ஒரே வரியில் எழுதினால் பெட்டி சுங்க அலுவலகத்தில் நிற்கும், நீங்கள் ரசீதோடு போய் அவர்கள் முன்னால் பிரிக்க வேண்டும்.

பருப்புப் பொடி, அப்பளம், வற்றல், முறுக்கு வரலாம். இறைச்சிக்கும், நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தடை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரநலச் சான்று வேண்டும். பாசமாக வைத்து அனுப்பினால் அந்த ஒரு கொத்துக்காகப் பெட்டியே மாட்டிக்கொள்ளும்.

வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, அந்தப் பெயரை எழுதிய அட்டையை உங்கள் தபால் பெட்டியில் போடுவார்கள். இரவு 8 மணிக்குள் போய் வாங்குங்கள். விடுமுறைக்கு அவர்கள் ஊருக்குப் போய்விட்டால் பொங்கல் வரை அது அங்கேதான் இருக்கும்.

கடைசி ஷாப்பிங்: டிசம்பர் 21, 22

23-ஆம் தேதி வரிசை கதவு வரை நிற்கும். திங்கள், செவ்வாயில் முடித்துவிடுங்கள். ஒரு ஆளுக்கு மூன்றரை நாளுக்கு:

- அரிசி 1 கிலோ, பருப்பு 300 கிராம்
- நீண்டநாள் கெடாத பால் 2 லிட்டர், தயிர் 500 கிராம் டப்பா இரண்டு
- வெங்காயம், தக்காளி, உருளை தலா 1 கிலோ. உறைந்த கீரை, பட்டாணி
- முட்டை சாப்பிடுபவர்களுக்கு 6, ரொட்டி ஒன்று, எண்ணெய், உப்பு இருக்கிறதா என்று ஒரு பார்வை
- கழிவறைத் தாள், சோப்பு

மருந்தை மறக்கிறவர்களே அதிகம். பாராசிட்டமால் இங்கே சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்காது, மருந்தகத்தில் மட்டும்தான். தொடர்ந்து எடுக்கும் மருந்து இருந்தால் சீட்டை 18-ஆம் தேதிக்குள் எழுதி வாங்குங்கள், மருத்துவர்களும் விடுமுறையில் போவார்கள். விடுமுறை நாட்களில் முறைவைத்து ஒரு மருந்தகம் திறந்திருக்கும். அவசரமில்லாத உடல் பிரச்சினைக்கு 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112. எதையாவது மறந்துபோனால் பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்க வாய்ப்புண்டு, விலைதான் கூடுதல்.

அறையில் அட்வென்ட் வளையம், அதாவது நான்கு மெழுகுவர்த்தி செருகிய ஊசியிலை வளையம், வைத்திருப்பவர்கள் இந்த வாரம் அதைத் தொட்டுப் பாருங்கள். நான்கு மெழுகுவர்த்திகளும் எரியும் நேரத்தில் ஊசியிலைகள் நான்கு வாரம் காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும். ஒரு பொறி போதும். எரியும் மெழுகுவர்த்தியை விட்டுவிட்டுப் போன் பேசக்கூட அடுத்த அறைக்குப் போகாதீர்கள்.

24-ஆம் தேதி மாலை

ஜெர்மனியில் பரிசு பிரிப்பது 24 மாலையில். பெஷேருங் என்பார்கள். குடும்பத்துக்கே உரிய நேரம் என்பதால், உங்களை அதற்கு அழைத்தால் உண்மையாகவே விரும்பி அழைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போங்கள். பூவோ பிஸ்கட் டப்பாவோ போதும். பல வீடுகளில் அன்று உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும்தான் சாப்பாடு. சாலட்டில் இறைச்சிச் சாறு ஊற்றும் வீடுகள் உண்டு. சைவம் என்றால் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், மேஜையில் வைத்துச் சொன்னால் அவர்களுக்குத்தான் வருத்தம். பேருந்தும் டிராமும் பிற்பகலிலிருந்தே குறையும். திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று கிளம்பும் முன்பே பாருங்கள்.

யாரும் அழைக்கவில்லை என்றாலும் தனியாக இருக்க வேண்டியதில்லை. பல பல்கலைக்கழக ஊர்களில் இஎஸ்ஜி, கேஎச்ஜி எனப்படும் சீர்திருத்தத் திருச்சபை, கத்தோலிக்க மாணவர் அமைப்புகள் கிறிஸ்துமஸ் நாட்களில் ஒன்றாகச் சாப்பிட ஏற்பாடு செய்யும். மதம் கேட்க மாட்டார்கள். அறிவிப்பு டிசம்பர் நடுவில் வரும், பெயர் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் விடுதியில் தங்கிவிட்ட நாலு பேரைச் சேர்த்து நீங்களே சமையுங்கள். மனம் தாளாத இரவென்றால் டெலிஃபோன்ஸேல்ஸார்கெ 0800 1110111 என்ற எண்ணில் நாள் முழுக்க, கட்டணம் இல்லாமல் பேசலாம்.

தமிழ்நாடும் இலங்கையும் இந்த மாதங்களில் நான்கரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. ஊரில் நள்ளிரவுத் திருப்பலி தொடங்கும்போது இங்கே மாலை 7.30. வீட்டாரைக் கோயிலுக்குக் கிளம்பும் முன் பிடிக்க வேண்டுமென்றால் மாலை 5-க்கும் 6-க்கும் நடுவில் அழையுங்கள். அந்த நேரத்தில் இங்கே தெரு முழுக்க ஓய்ந்து, ஜன்னல்களில் மட்டும் விளக்கு எரியும்.